கந்தை என்னும் சொல்லும் ஒட்டுப்போர்வையும்

சென்ற தைத் திங்களில் நம் சங்கத்தின் ஆண்டு விழா செங்கற்பட்டில் நடந்தேறியதை அன்பர்கள் அறிவர். நம் குடும்பத்துப் பெண்மணிகள் தம் கையாற் செய்த பொருள்களை அவ்விழாவிற் காட்சிக்கு வைக்கலாம் என்று முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. பட்டுச் சேலைகளும், பூத்தையல் இட்ட திரைகளும், மணி கோத்த பைகளும் பலகைகளின்மேல் நிரல்பட வைக்கப்பட்டிருந்தன. அவற்றை மதிப்பிட்டுப் பரிசிலுக்குரியார் இன்னார் என்று கூறும் பொறுப்பு எளியேனுக்கும் வேறு இருவர்க்கும் அளிக்கப்பட்டிருந்தது.

அப்பொழுது மாமல்லபுரத்துக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய மூதாட்டியார் ஒருவர், மார்போடு அணைத்துக் கொணர்ந்த மூட்டையை அவிழ்த்துப் போர்வை ஒன்றை எடுத்து விரித்தார். தம் பேத்தியின் தலைப்பிள்ளைக்கென்று அவரே தைத்தது அது. பழஞ்சேலைத் துண்டும், கட்டம் போட்ட கைலித் துண்டும், பாவாடைத் துண்டும், தறியில் அறுத்தெடுத்த முனைத்துணியுமாக நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் அதில் இணைந்து கிடந்தன. விழாக் குழுவினருள் ஒருவர் அதனைக் கண்டு நகைத்து, “பட்டு நெய்யும் குலத்தார் சபையில் கந்தையைக் கொண்டுவந்து விரிப்பதா? பார்ப்பவர் நம்மைத் தரித்திரர் என்று எண்ணாரோ?” என்று சொல்லி, அதனை மடித்துப் பலகையின் அடியில் தள்ளினார். மூதாட்டியார் மறுமொழி ஒன்றும் கூறிலர். உச்சிப்பொழுது கழிந்ததும் குனிந்து தம் மூட்டையை எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார். யான் அருகிலேயே இருந்தேன், வாய் திறந்திலேன். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் உணர்த்திவரும் ஒருவன், கந்தை என்னும் சொல் அங்ஙனம் வீசப்பட்டபொழுது அச்சொல்லின் வரலாற்றையேனும் எடுத்துக் கூறியிருக்கலாம். அன்று கூறாது விட்டதை இன்று இவ்விதழின் வாயிலாகக் கூறப் புகுகின்றேன்.

முதற்கண் அப்போர்வை செய்யப்படும் முறையைக் கூறுவல்; அறிந்த தாய்மார்கள் பொறுப்பாராக. எங்கள் வட்டத்தில் பாட்டியை ஆயா என்பர். என் ஆயா இத்தொழிலில் வல்லவர். பழந்துணிகளை முதலிற் கஞ்சிப்பசை முற்றும் நீங்கும்படி இருமுறை அலசி உலர்த்துவார். பிறகு அவற்றைக் கத்தரியால் வெட்டாமற் கையாற் கிழிப்பார். கிழித்தால் துணி தன் நூல்வழியே நேராகப் பிரியும். கத்தரி பிடித்தாலோ கண் தவறியவிடத்துக் கோணும் என்பது அவர் கூறும் காரணம். கிழித்த துண்டுகளை நிறம் பார்த்து வகைப்படுத்தும் முன்னரே கனம் பார்த்து வகைப்படுத்துவார். தடித்த துண்டின் பக்கத்தில் மெல்லிய துண்டை வைத்துத் தைத்தால், துவைக்குந்தோறும் தடித்தது மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும். ஆதலால் கனத்தோடு கனம் சேர்ந்த பின்னரே நிறத்தோடு நிறம் நோக்கப்படும்.

தரையைப் பெருக்கி மெழுகி, அதன்மேல் இரண்டு பழஞ்சேலைகளை ஒன்றன்மேலொன்றாகச் சுருக்கமின்றி விரித்து, நான்கு மூலைகளிலும் படியும் குழவியும் பாரமாக வைப்பார். பின்பு துண்டுகளை விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரப்பி, ஓரம் மடித்து, ஊசியால் நேரோட்டமாகத் தைத்துக்கொண்டு செல்வார். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு விரல் இடையீடு. அவ்வரிகள் மூன்று அடுக்கையும் ஊடுருவிச் செல்லுதலால், பஞ்சு திணியாமலே போர்வை திண்மையும் மென்மையும் உடையதாகும். பகலெல்லாம் தார் சுற்றலும் அடுக்களையும் இருக்க, பிற்பகல் ஒரு நாழிகை இரு நாழிகை மட்டுமே இதற்குக் கிடைக்கும். மூன்று முழப் போர்வை முடிய ஆறு திங்களும் ஆகும். மருமகள் கருவுற்ற செய்தி காதில் விழுந்த அன்றே அவர் துணி அலசத் தொடங்குவார் என்றால் அதன் காரணம் விளங்கும்.

பிறந்த குழந்தைக்குப் புத்தாடை அணிவியாது, வீட்டுப் பெரியோர் உடுத்துப் பழகிய பழந்துணியில் ஏந்துதல் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். தோலுக்கு உறுத்தாமை ஒரு காரணம். நீண்டநாள் வாழ்ந்த முன்னோரின் ஆயுள் குழந்தைக்கு வாய்க்கும் என்னும் நம்பிக்கை மற்றொன்று. ஒட்டுப்போர்வை இவ்வழக்கின் விரிவேயாம். ஒரு முன்னோரின் துணிக்கு மாற்றாக ஒரு குடும்பம் முழுவதன் துணியும் அதில் வந்து சேர்கின்றது. இன்ன துண்டு பெரிய தாத்தாவின் அங்கவஸ்திரம், இன்னது இறந்துபோன அத்தையின் தாவணி என்று ஆயா விரல் வைத்துச் சொல்ல, யாம் இளமையில் அப்போர்வையின்மீது கிடந்துதான் எம் உறவினர் முறையைக் கற்றோம்.

நிற்க. கந்தை என்னும் சொல்லை நோக்குவோம். வடமொழியில் கந்தா என வழங்கும் சொல் இதனோடு உறவுடையது. துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை என்பதும், துறவியர் போர்த்துக்கொள்ளும் ஒட்டாடை என்பதும் அவ்வடசொல்லின் பொருள்கள். வங்கநாட்டார் இன்றும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வையைக் காந்தா என்றே அழைக்கின்றனர். ஆகவே இச்சொல்லினுள்ளே ஊசியும் நூலும் இருக்கின்றன. தானே இற்றுக் கிழிந்தது மட்டுமன்று, ஒருவர் அமர்ந்து இணைத்ததும் கந்தையே.

தொண்டைநாட்டுக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் அமர்நீதி நாயனார் வரலாற்றைக் கூறுமிடத்து, அவ்வடியார் சிவனடியார்க்கு அமுதளித்ததோடு கந்தையும் கீளும் கோவணமும் உதவினார் என்று பாடியிருக்கின்றார். அமர்நீதியார் பழையாறையில் வாழ்ந்த பெருவணிகர்; பொன்னும் மணியும் நல்லாடையும் விற்றுப் பொருள் ஈட்டியவர். தம் கடையில் உயர்ந்த துகில்கள் குவிந்து கிடக்க, அடியார்க்கு இழிந்ததொன்றை அவர் ஈந்திருப்பாரா? அடியார் உள்ளம் விரும்புவதை அறிந்து கொடுத்தார் என்றே புராணம் பேசுகின்றது. அறுவையர் குலத்து நேச நாயனார் தாமே நெய்து அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் அளித்த வரலாறு நம்மவர் இல்லங்களில் அடிக்கடி நினைக்கப்படுவது. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

பௌத்தர் வழக்கும் இதற்குத் துணைநிற்கும். புத்தர் தம் மாணவரான ஆனந்தரை நோக்கி, மகதநாட்டு வயல்களும் வரப்புகளும் அமைந்திருக்கும் ஒழுங்கைக் காட்டி, அவ்வாறே துண்டுகளை இணைத்துத் துறவியரின் சீவர ஆடையை அமைக்கச் செய்தார் என்று விநயபிடகம் உரைக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் இந்நாடு போந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், காஞ்சிமாநகரைத் தலைமையாகக் கொண்ட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்று எழுதிவைத்திருக்கின்றார். பதினாயிரம் பேர் ஒட்டாடை உடுத்து உலவிய நாடு நம் தொண்டைநாடு என்பதைப் பலகையடியிற் போர்வையைத் தள்ளிய நண்பர் அறிந்திலர் போலும்.

எதிர்வழக்கையும் மறைத்தல் நேர்மையன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாசிபோன்ற சிதைந்த உடையைப் பாணனிடமிருந்து நீக்கி, பாலாவிபோன்ற நுண்ணிய கலிங்கத்தை அவனுக்கும் அவன் பெருஞ்சுற்றத்தார்க்கும் மன்னன் உடுத்துவான் என்று சொல்லப்படுகின்றது. பொருநராற்றுப்படையிலும் வேற்றுநூல் நுழைந்த தையலாடை வறுமையின் அடையாளமாகவே வருகின்றது. ஒட்டுப்போட்ட துணி ஏழைமையிற் பிறந்ததில்லை என்று யான் வாதிக்க வரவில்லை. பாணன் உடுத்த சிதர், வேறு வழியின்மையால் இழை இழையாகப் பொருத்தப்பட்டது. பேத்தியின் பிள்ளைக்கு ஆறு திங்கள் இருந்து தைத்தது, புதுத்துணி வாங்கக் காசிருந்தும் தைக்கப்பட்டது. இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டுவது மொழியின் குறைபாடு. ஒரே கண்ணாற் காண்பது நம் குறைபாடு.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளமும் தெற்கே சதுரங்கப்பட்டினமும் இன்று சிற்றூர்கள். ஆயின் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அவை ஐரோப்பிய வணிகர் நாடிவந்த துறைகள். கோவளத்தில் ஆஸ்தெண்டு நகரத்துக் கும்பினியார் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பண்டகசாலை வைத்திருந்தனர். சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் செங்கற்கோட்டை கட்டி, உள்நாட்டு ஊர்களில் நெய்த துணிகளைத் தருவித்துக் கப்பலேற்றினர். அக்கோட்டையை 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர்; 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்தியாவிலுள்ள ஒல்லாந்தர் இடங்கள் யாவும் ஆங்கிலேயர்க்கு உரியவாயின. தொல்லியல் துறையாரின் பாதுகாப்பில் அக்கோட்டை இன்றும் நிற்கின்றது. அதனுள் உள்ள ஒல்லாந்தர் கல்லறைகளின் சிற்பவேலையைப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டியிருக்கின்றேன்.

சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற துணிகளுட் பெரும்புகழ் பெற்றது சீட்டி. சீட்டியாவது பருத்தித் துணியின்மீது எழுதுகோலால் பூவும் கொடியும் வரைந்து சாயம் ஏற்றியது. அதன் செய்முறை நுட்பமானது. துணியைக் கடுக்காய்க் கரைசலும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, எழுதும் நீர் பரவாமற் காக்கும். கருமைக்கு இரும்புக் கரைசலாலும் செம்மைக்குப் படிகார நீராலும் எழுதுவர். எழுதும்போது செந்நிறம் தோன்றாது. பின்னர்ச் சாயவேர் இட்டுக் காய்ச்சும்போதே படிகாரம் பட்ட இடம் சிவக்கும். நம் கடற்கரை மணலில் விளைந்த இம்பூறற் செடியின் வேரே அச்சாயவேர். நீலம் ஏறவேண்டாத இடங்களை மெழுகால் மூடித் துணியை அவுரித் தொட்டியில் முக்குவர். மஞ்சளை இறுதியில் எழுதுவர். நீலத்தின்மேல் மஞ்சள் பட்ட இடம் பச்சையாகும். கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இம்முறையைத் தொழிலாளரிடமே கேட்டறிந்து 1742இல் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். துவைக்கத் துவைக்க ஒளி குன்றாத நிறம் ஐரோப்பியர்க்கு அதுகாறும் அறியாத வியப்பு.

இச்சீட்டி சென்றவிடத்து நிகழ்ந்ததே நம் வழக்குக்கு உயிர்நிலையான சான்று. சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி, தம் மனைவியின் அறைச்சுவரை அணிசெய்ய இந்தியச் சீட்டி வாங்கியதை 1663ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கின்றார். 1708இல் தேனியல் தீபோ என்னும் எழுத்தாளர், இந்தியத் துணி திரையாய், திண்டாய், இறுதியிற் படுக்கையாகவும் மாறி இங்கிலாந்தின் வீடுகளுக்குள் புகுந்துவிட்டதென்று முறையிட்டார். அவர் முறையிட்ட அதே 1708ஆம் ஆண்டளவில், இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லெவன்ஸ் மாளிகையில், அவ்வீட்டுப் பெண்டிர் இந்தியச் சீட்டித் துண்டுகளை எண்கோணமும் சிலுவையுமாக நறுக்கி இணைத்து ஒரு மெத்தைப்போர்வையும் கட்டில் திரைகளும் தைத்தனர் என்பது மரபு. அப்போர்வை இன்றும் அங்கே உளது. ஆங்கிலநாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுத்தையற் போர்வைகளுள் மிகப் பழையதாகப் போற்றப்படுவது அதுவே. பெருஞ்செல்வர் மாளிகை அது. வறுமையால் அவர்கள் துண்டு சேர்த்தார்கள் என்று எவரும் சொல்லார். அத்துணி கிடைத்தற்கரியது, ஆகவே துண்டும் எறிதற்குரியதன்று. அவ்வளவே.

கிடைத்தற்கரியதாயினமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தியத் துணியால் தம் பிழைப்புக் கெட்டதென்று 1719இல் இலண்டனின் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதி நெசவாளர் கலகம் விளைத்து, சீட்டி உடுத்துத் தெருவில் வந்த பெண்டிரின் ஆடையைக் கிழித்தனர். 1721இல் நிறைவேறிய சட்டம் அச்சிட்டனவும் எழுதியனவுமாகிய பருத்தித் துணிகளை உடையாகவோ வீட்டுப்பொருளாகவோ வழங்கலாகாது என விலக்கியது. அவ்விலக்கு 1774இல்தான் நீங்கிற்று. பிரெஞ்சு நாட்டிலும் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. பெண்மக்கள் உடையைத் தெருவிற் கிழித்த செயல் கொடிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களும் தறியில் அமர்ந்தவர்கள்; அடுப்பு எரியாத வீட்டைக் கண்டவர்கள். பின்னொரு நூற்றாண்டில் அவர்கள் நாட்டு ஆலைத்துணி வந்து நம் தறிகளை நிறுத்தியபொழுது நம் முன்னோர் பட்டதை அவர்கள் முன்னதாகவே பட்டனர். நெய்பவர் பசியை நெய்பவரே அறிவர்.

கீழ்த்திசையிலும் இதே கதை. 1641 முதல் இருநூறாண்டுக்கு மேலாக ஐரோப்பியருள் ஒல்லாந்தர்க்கு மட்டுமே சப்பான் தேசத்தில் வணிக உரிமை இருந்தது. நம் கரைத்துணியை அவர்கள் அங்கே கொண்டுசென்றனர். சப்பானியர் அதனைச் சரசா என்று பெயரிட்டு, கையகலத் துண்டையும் எறியாது, தேநீர்ச் சடங்கிற் பயன்படும் சிமிழ்களுக்கு உறையாகத் தைத்தனர். துண்டுகளை ஏடுகளில் ஒட்டியும் வைத்தனர். ஹிகோனே நகரத்துப் பிரபுக்களாகிய ஈ குடும்பத்தார் தொகுத்த 450 துணித்துண்டுகள் தோக்கியோ தேசியக் காட்சிச்சாலையில் உள்ளன. பிரபுக்கள் கந்தை சேர்த்தனர் என்றுதான் இதனைச் சொல்லவேண்டும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றும் சொல்லத்தக்கது. கைலிக்கு நம்மவர் நெய்யும் கட்டத்துணியின் இனமாகிய சென்னைக் கட்டத்துணி, மெட்ராஸ் என்னும் பெயராலேயே அமெரிக்காவில் விலைபோயிற்று. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்நாட்டுச் செல்வர் வீட்டு இளைஞர், அக்கட்டத்துணியின் பல நிறத் துண்டுகளைச் சதுரமாக நறுக்கி ஒட்டுத்தைத்த மேற்சட்டையும் காற்சட்டையும் அணிந்து விடுமுறைக் களியாட்டுக்குச் சென்றனர். மூதாட்டியார் போர்வையிற் கிடந்த கைலித் துண்டை நம் நண்பர் தரித்திரம் என்றார். கடல் கடந்தவர் அதனையே செல்வத்தின் குறியாக உடுத்தனர்!

அங்ஙனமாயின் நம் நாட்டுப் பழைய ஒட்டுப்போர்வைகள் எங்கே என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. லெவன்ஸ் மாளிகைப் போர்வை, துணி அரிதாயிருந்த நாட்டில், குளிர்ந்த அறையில், பெரிய கட்டிலின்மேற் கிடந்தது. எம் ஆயாவின் போர்வையோ குழந்தையின் சிறுநீரில் நாளும் நனைந்து, நாளும் வெயிலில் உலர்ந்து, கல்லில் அடிபட்டது. முதற் குழந்தைக்குப் போர்வையாய், மூன்றாம் குழந்தைக்கு விரிப்பாய், பின்பு பானை துடைக்கும் துணியாய், இறுதியில் அடுப்பங்கரைக் கைப்பிடித் துணியாய்க் கழிந்தது. காட்சிச்சாலைக்கு எஞ்சுவதற்கு அதில் என்ன இருக்கும்? எஞ்சாமையே அது தன் கடமையை முற்றச் செய்ததற்குச் சான்று. உப்புக்காற்றும் கறையானும் செய்த வேலை வேறு. மாளிகையாரது மட்டும் வரலாறு, நம்முடையது குப்பை என்று கொள்வோர், பொருள் எஞ்சியதையும் பொருளின் பெருமையையும் ஒன்றாக எண்ணி மயங்குகின்றனர்.

எழுதுவார் இல்லாமையும் ஒரு குறை. வங்கத்துக் காந்தாவும் ஒருகாலத்தில் நாட்டுப்புறத்துக் கிழவியரின் பொழுதுபோக்கு என்றே கருதப்பட்டது. ஜசீமுத்தீன் என்னும் கவிஞர் பூத்தையற் போர்வை ஒன்றின் பெயரையே தம் காவியத்துக்குச் சூட்டி 1929இல் வெளியிட்டார். குருசதய தத்தர் ஊரூராய்ச் சென்று காந்தாக்களைத் தொகுத்தார். அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலை கல்கத்தாவின் அருகில் உளது. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1939இல் அக்கலையைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்தார். அதன்பின்னரே கற்றோர் கண் அங்கே திரும்பிற்று. கன்னடநாட்டின் வடபகுதியில் வாழும் சித்தியர், அதாவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர் வழியினர், கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை தைக்கின்றனர். அவர்களும் எம் ஆயாவைப்போலவே விளிம்பிலிருந்து உள்நோக்கித் தைத்து, முடிவில் நான்கு மூலையிலும் துணியை மடித்த முக்கோணப் பூ ஒன்று வைப்பர். அப்பூவின்றேல் போர்வை ஆடையற்றிருப்பதாக அவர்கள் கருதுவர். இத்தகைய சொற்களும் வழக்கங்களும் நம் வீடுகளிலும் இருந்திருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளாமற்போன பிழை என்போன்றோரது. எம் ஆயா ஒவ்வொரு தையல்வரிக்கும் தனிப்பெயர் சொல்வார். அவற்றுள் ஒன்றேனும் இன்று என் நினைவில் இல்லை.

துணித்துண்டு கொடைப்பொருளாதல் நம் கடற்கரையில் நம் காலத்திலும் நிகழ்ந்திருக்கின்றது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையூர்களை அழித்தபின், கடலைக் காணவும் அஞ்சியிருந்த மீனவப் பெண்களுக்கு ஆரோவில்லில் 2005இல் தையற்பயிற்சி அளிக்கப்பட்டது. ஆடை தைத்து மிஞ்சிய துணுக்குகளால் அவர்கள் விரலளவுப் பாவைகள் செய்தனர். சுனாமிகா எனப் பெயர்பெற்ற அப்பாவை விற்கப்படுவதில்லை, கொடுக்கப்படுவது மட்டுமே. உலகின் பல நாடுகளுக்கும் அது சென்றிருக்கின்றது. மாமல்லபுரத்துக் கடைத்தெருவிலோ இன்று வடநாட்டு ஒட்டுத்தையல் விரிப்புகள் வெளிநாட்டார்க்கு நல்ல விலைக்கு விற்கின்றன. அவற்றுள் ஒன்றை வாங்கிக் கூடத்துச் சுவரில் தொங்கவிட்டிருக்கும் நம்மவர் வீடு எனக்குத் தெரியும். பலகையடியிற் போர்வையைத் தள்ளிய கையே அதனை ஆணியடித்து மாட்டியது என்பதை நட்புரிமையால் இங்கே குறிக்கின்றேன், அவர் சினவார்.

அடுத்த ஆண்டு விழாவில் ஒட்டுப்போர்வைகளுக்கென்றே ஒரு பலகை ஒதுக்கப்படவேண்டும் என்று செயற்குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். தைத்தவர் பெயரும், யாருக்காகத் தைத்தது என்பதும், எந்தத் துண்டு யாருடையது என்பதும் ஒரு சீட்டில் எழுதி வைக்கப்படுதல் வேண்டும். எழுதத் தெரியாத தாய்மார்க்கு எழுதிக்கொடுக்க என் பள்ளிப் பிள்ளைகள் இசைந்துள்ளனர். பரிசில் வேண்டா என்பது என் கருத்து. பேரனுக்குத் தைத்ததை எந்தக் கோலால் அளப்பது?

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மூதாட்டியாரின் ஊருக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்பதற்கென்று சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன்; அவர் அதற்கு இடங்கொடுத்திலர். “வா தம்பி, வெயிலில் வந்தாயே” என்று மோர் கொடுத்துத் திண்ணையில் அமர்த்தினார். உள்ளே ஏணையின் கீழே அப்போர்வை விரிந்து கிடந்தது. அதன்மேற் குழந்தை கவிழ்ந்து நீந்திக்கொண்டிருந்தது. மூதாட்டியார் இரண்டாம் பேத்திக்கென்று அடுத்த போர்வையைத் தொடங்கிவிட்டிருந்தார். என் வீட்டிலிருந்து இரண்டு துணிகள் கொண்டுசென்றிருந்தேன். ஒன்று என் அன்னையாரின் பழைய சேலை, மற்றொன்று என் சட்டை. சேலையை முகர்ந்து, கசக்கிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். சட்டையை விரலிடையில் வைத்துத் தேய்த்தவர், “இதில் பாதி நைலான் கலந்திருக்கிறது, ஈரம் குடிக்காது, பிள்ளைக்குச் சுடும். எடுத்துப் போ அப்பா” என்று என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.